அரை மில்லி குட்டை

அரை மில்லிமீட்டர் எவ்வளவு என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, காட்டத்தான் தெரியும். ஒரு சீட்டை எடுத்து அதன் நுனியில் அவ்வளவு மட்டும் சீவிவிட்டுத் திரும்பக் கட்டுக்குள் செருகிக் கொடுத்தால், நீங்கள் நாள் முழுக்க உற்றுப் பார்க்கலாம். கண்ணுக்கு அகப்படாது. கட்டைவிரல்தான் கண்டுபிடிக்கும், அதுவும் பழகிய கட்டைவிரல்.

நான் ஓர் அச்சகத்தில் கட்டிங் மெஷின் ஓட்டுகிறேன். பகலெல்லாம் நோட்டுப் புத்தகம், மருந்துப் பெட்டி, பள்ளிக்கூடத்துப் படிவங்கள். வேலை முடிந்ததும் முதலாளியின் அனுமதியோடு ஒரு மணி நேரம் அந்த மெஷின் எனக்கே சொந்தம். அந்த ஒரு மணி நேரத்தில்தான் ஊரிலுள்ள மேஜிக்காரர்களுக்கெல்லாம் சீட்டு வெட்டிக் கொடுத்தேன்.

அவர்கள் அதிகம் கேட்பது ஒரே மாதிரியான கட்டு. ஐம்பத்திரண்டு சீட்டில் இருபத்தாறு ஒரே சீட்டாக இருக்கும். எல்லாம் டைமன் ஏழு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இருபத்தாறும் அரை மில்லி குட்டை. மீதி இருபத்தாறும் வெவ்வேறு சீட்டு, முழு நீளம். இரண்டையும் ஒன்று விட்டு ஒன்றாக அடுக்க வேண்டும். முகம் தெரியும்படி கட்டை விரலால் சரித்துக் காட்டினால் நீளச் சீட்டுகள் மட்டும் கண்ணில் படும், குட்டைகள் அவற்றின் முதுகில் ஒட்டிக்கொண்டு ஒளிந்துவிடும். பார்க்கிறவர் எல்லாமே வேறு வேறு சீட்டு என்று சத்தியம் செய்வார். பிறகு கட்டைக் கவிழ்த்துப் பிடித்துப் பொலபொலவென்று உதிர்த்தால், அவர் எந்த இடத்தில் ‘நிறுத்து’ என்றாலும் அந்த இடத்தில் ஒரு டைமன் ஏழு காத்துக்கொண்டிருக்கும். தன் இஷ்டப்படி எடுத்த சீட்டு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார், பாவம்.

கேட்க எளிதாக இருக்கும். செய்து பார்த்தால்தான் தெரியும். வெட்டினால் மட்டும் போதாது, வெட்டிய மூலைகள் கூர்மையாகிவிடும், அவற்றைப் பழையபடி வளைவாக்க வேண்டும். விளிம்பில் பிசிறு இருந்தால் சீட்டு சீட்டோடு கோத்துக்கொள்ளும். கொஞ்சம் பவுடர் தூவி, பழைய காலுறைத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும். இதனாலெல்லாம் எனக்குக் கத்திரி என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது. அதை உச்சரித்த விதம்தான் பிடிக்கவில்லை.

ஏனென்றால் எனக்குச் சீட்டு வெட்ட மட்டும் ஆசை இல்லை. நானே மேடையேறிக் காட்ட வேண்டும். அதற்கு ஊர் நூலகத்து மாடியில் கூடுகிற மேஜிக் கிளப்பின் உறுப்பினர் அட்டை வேண்டும். அது இல்லாதவருக்கு ஊரில் எந்த அரங்கமும் மேடை தருவதில்லை. மூன்று ஆண்டுகள் விண்ணப்பம் போட்டேன். மூன்று ஆண்டும் தேர்வுக்கே கூப்பிடவில்லை. காரணம் என் இடது கை ஆள்காட்டி விரல். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதன் நுனியை மெஷின் எடுத்துக்கொண்டது.

“ஒம்பதரை விரலை வச்சுக்கிட்டு சீட்டை எப்படிம்மா உள்ளங்கையில மறைப்ப?” என்று கேட்டார் கிளப் தலைவர்.

“நான் ஏன் சார் மறைக்கணும்? மறைக்க வேண்டியதைத்தான் முன்னாடியே வெட்டி வச்சிருக்கேனே.”

“அது கட்டோட வித்தை. உன்னோட வித்தை இல்ல.”

தலைவரைப் பட்டுக்கை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நாணயமோ சீட்டோ அவர் கையில் பட்டால் சத்தமே வராது. எந்த மேடையில் ஏறினாலும் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டி, “நான் கையை நம்புறவன், கட்டை நம்புறவன் இல்ல” என்றுதான் ஆரம்பிப்பார். கைதட்டல் கூரையைத் தொடும். கடைசி வரிசையில் உட்கார்ந்து நானும் தட்டுவேன். என்னிடம் தவறாமல் கட்டு வாங்குகிறவர்களில் முதல் ஆள் அவர்தான். அச்சகத்தின் பின்வாசல் வழியாக வந்து, செய்தித்தாளில் சுற்றி வாங்கிக்கொண்டு போவார். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. யார் எதை வாங்கினார் என்று வாயைத் திறந்தால் என் தொழிலுக்கு அன்றே பூட்டுப் போட வேண்டியதுதான்.

அவருடைய முடிவு வித்தையைப் பதினொரு முறை பார்த்திருக்கிறேன். முதலில் ஒரு சாதாரணக் கட்டைக் கூட்டத்துக்குள் அனுப்புவார். யாராவது புரட்டிப் பார்த்து, சுத்தம் என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பார்கள். “எல்லாம் சரியாத் தெரியுதா?” என்று தன்னையே கேட்டுக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, “ஒண்ணும் தெரியலையே” என்பார். கட்டைக் கோட்டின் வலது பையில் போட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “இதைத் துடைக்காமப் பாத்ததாலதான் எனக்குக் கல்யாணமே ஆச்சு” என்பார். முன் வரிசையிலிருந்து அவர் மனைவியின் குரல் வரும்: “நான் கண்ணாடி போட்டுப் பாத்திருந்தா ஆகியே இருக்காது!” அரங்கம் அதிரும். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கண்ணாடி மூக்கில் ஏறியிருக்கும், கட்டு பையிலிருந்து கைக்கு வந்திருக்கும். பைக்குள் போனது வேறு, வெளியே வந்தது வேறு. வந்தது நான் வெட்டியது.

அந்தப் பையைத் தைத்தது என் அக்கா. எங்கள் வீட்டு முன்னறைதான் அவளுடைய தையல் கடை. பைக்கு வெளியே ஒரே வாய், உள்ளே இரண்டு அறை. முன் அறையில் சாதாரணக் கட்டு, பின் அறையில் வெட்டிய கட்டு. பட்டுக்கையின் புகழில் ஒரு பாதி கட்டிங் மெஷினிலும் மறுபாதி தையல் மெஷினிலும் தயாராகி ஒரே வீட்டிலிருந்து கிளம்பிப் போகிறது என்று நானும் அக்காவும் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

நான்காம் ஆண்டு தேர்வுக்கு அழைப்பு வந்தது. கிளப்பின் ஆண்டு விழா, ஞாயிறு பிற்பகல், கூட்டத்தின் முன்னால் பத்து நிமிடம். நடுவர் மூவர். வித்தை முடிந்ததும் அது எப்படி நடந்தது என்று மூவரும் ஆளுக்கொரு துண்டுத்தாளில் எழுதுவார்கள். ஒருவர் சரியாக எழுதிவிட்டாலும் தோல்வி. தோற்றவர் மறுபடி விண்ணப்பிக்க முடியாது. எனக்கு இருந்தது அந்தப் பத்து நிமிடம் மட்டும்தான்.

ஒரு மாதம் யோசித்தேன். பட்டுக்கைக்கு விழாவுக்கான புதிய கட்டு செய்வதற்காக டைமன் ஏழு மட்டும் அறுபது சீட்டு அச்சடித்து வாங்கியிருந்தேன். அவருக்கு இருபத்தாறு போக, மிச்சத்தில் எனக்கும் ஒன்று செய்துகொண்டேன். ஆனால் வழக்கம்போல நுனியில் வெட்டவில்லை, பக்கவாட்டில் வெட்டினேன். மேஜிக்காரர்கள் சந்தேகம் வந்தால் கட்டின் நுனியில்தான் விரலை ஓட்டுவார்கள். சீட்டுகளின் முகத்தைப் புரட்டிப் பார்ப்பது அவர்களுக்குக் கௌரவக் குறைச்சல், அது வேடிக்கை பார்க்கிறவன் செய்கிற வேலை.

வித்தையின் முடிவு அக்காவின் கையில் இருந்தது. விழாவுக்கு அதே இரட்டைப் பையோடு புதுக் கோட்டு வேண்டும் என்று பட்டுக்கை அவளிடம் அளவு கொடுத்திருந்தார்.

“காலருக்கு அடியில டைமன் ஏழா? இரு, சிவப்பு நூல் இருக்கான்னு பாக்குறேன்” என்றாள் அக்கா, நான் ஏதோ பித்தான் மாற்றச் சொன்னதுபோல.

“அவர் பாத்துட்டார்னா என்னக்கா பண்றது?”

“எந்த ஆம்பளைடீ கோட்டுக் காலரைத் தூக்கி அடியில பாக்குறான்? கண்ணாடி முன்னாடி நின்னு முன்பக்கத்தைப் பாப்பாங்க, அதோட சரி.”

“அவங்க வீட்டம்மா பாத்துட்டா?”

“ஞாயித்துக்கெழமை காலையிலதான் டெலிவரி. மடிப்பு கலைஞ்சா கோட்டு போச்சுன்னு பயமுறுத்தி மாட்டி விட்டுட்டு வர்றேன். நீ உன் பத்து நிமிஷத்தைப் பாரு.”

ஏழு சின்னச் சின்ன வைர வடிவங்கள். இரண்டு இரவு உட்கார்ந்து தைத்தாள். சீட்டில் இருக்கிற அதே அடுக்கு, அதே இடைவெளி. காலரை மடித்தால் ஒன்றும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை நூலக மாடி நிரம்பி வழிந்தது. புத்தக அலமாரிகளைச் சுவரோரம் தள்ளி, வாசிப்பு மேசை ஒன்றையே மேடையாக்கியிருந்தார்கள். மேசைக்குப் பின்னால் நடுவர்கள். நடுவில் புதுக் கோட்டில் பட்டுக்கை. அவருக்கு இடப்புறம் கிளப் செயலாளர், தொழிலால் பல் டாக்டர். வலப்புறம் கணக்கு டீச்சர். அவர் மேஜிக் காட்டுவதைவிட மேஜிக்கில் தப்புக் கண்டுபிடிப்பதற்காகவே கிளப்பில் சேர்ந்தவர் என்று பேச்சு. முன் வரிசையில் பட்டுக்கையின் மனைவி, ஐந்தாவது வரிசையில் அக்கா. விழாவின் கடைசி நிகழ்ச்சி பட்டுக்கையுடையது.

நான் என் கட்டை மேசையில் வைத்தேன். பட்டுக்கை அதைத் தொடவில்லை. பேனாவின் பின்முனையால் மெல்லத் தள்ளி ஓரமாக வைத்தார்.

“கத்திரி, இதை வெட்டினது யாரு?”

“நான்தான் சார்.”

“நீயே வெட்டி, நீயே கொண்டு வந்து, நீயே காட்டினா எங்க காதுல பூ சுத்துன மாதிரி இருக்காதா?”

கூட்டம் சிரித்தது. பல் டாக்டர் குனிந்து எதையோ குறித்துக்கொண்டார்.

“எங்க கட்டுலதான் காட்டணும்” என்ற பட்டுக்கை, கோட்டுப் பைக்குள் கைவிட்டு ஒரு கட்டை எடுத்து வைத்தார். நீல முதுகு. “கடையில வாங்கினது. சாதாரணக் கட்டு. உன்னால முடியும்னா காட்டு. இல்லன்னா பரவால்ல, சீட்டு வெட்டுறதும் நல்ல தொழில்தான்.”

ஒரு மாத உழைப்பு மேசை ஓரத்தில் கிடந்தது. சாதாரணக் கட்டில் ஒருவர் டைமன் ஏழை எடுக்க ஐம்பத்திரண்டில் ஒரு வாய்ப்பு. கை லாகவத்தால் அவரை எடுக்க வைக்கலாம், ஆனால் அதற்கு ஆள்காட்டி விரலின் நுனி வேண்டும். அக்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பட்டுக்கையின் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், தான் தைத்த பை எப்படி விழுகிறது என்று பார்க்கிற தையற்காரியின் பார்வை.

நானும் அந்தப் பையைப் பார்த்தேன்.

சாதாரணக் கட்டை முன் அறையிலிருந்து எடுத்திருக்கிறார். இன்னும் அரை மணி நேரத்தில் அவருடைய நிகழ்ச்சி. பையை நிரப்பாமல் அவர் மேடைக்கு வந்ததே இல்லை. அப்படியானால் பின் அறையில், என்னிடமிருந்து மூன்று அடி தூரத்தில், இருபத்தாறு டைமன் ஏழுகள் நின்றுகொண்டிருக்கின்றன.

அந்தப் பைக்குள் நான் கைவிட முடியாது. கை விடக்கூடியவர் ஒரே ஒருவர்தான். அவரைத்தான் விட வைக்க வேண்டும்.

“சரி சார், உங்க கட்டுலயே காட்டுறேன்” என்றேன். “ஆனா நான் தொடுறதுக்கு முன்னாடி டீச்சர் ஒரு தடவை பாத்துரட்டும்.”

கணக்கு டீச்சர் இதற்காகவே காத்திருந்தவர் போலக் கட்டைத் தன் முன்னால் இழுத்துக்கொண்டார். விரலை ஓட்டிப் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பி, ஒவ்வொரு சீட்டாக மேசையில் போட்டு, ஜாதி ஜாதியாகப் பிரித்து எண்ணினார். என் கட்டை மட்டும் அவரிடம் கொடுத்திருந்தால் நான்காவது சீட்டிலேயே என் கதை முடிந்திருக்கும். பட்டுக்கை தடுத்ததுதான் என்னைக் காப்பாற்றியிருக்கிறது, அது அவருக்கே தெரியாது.

“அம்பத்திரண்டு. ஒரு குறையும் இல்ல” என்று கட்டை என்னிடம் நீட்டினார்.

நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“என்கிட்ட வேணாம் டீச்சர், சார்கிட்ட குடுங்க. அவர் கையால குடுத்தாத்தான் தொடுவேன். கத்திரி கட்டை மாத்திட்டாள்னு நாளைக்கு ஒருத்தரும் சொல்லிடக் கூடாது பாருங்க.”

நியாயமான பேச்சு என்று கூட்டம் தலையாட்டியது. டீச்சர் கட்டைப் பட்டுக்கையிடம் கொடுத்தார்.

அவர் முன்னால் கூட்டம். கையில், இப்போதுதான் சோதித்துத் திருப்பித் தந்த கட்டு. முன் வரிசையில் மனைவி. எத்தனையோ ஆண்டுகளாக அவர் கைகள் கண்டுவந்த அதே காட்சி. இன்னும் ஒரே ஒரு வார்த்தைதான் பாக்கி. அதை அவர் சொல்ல மாட்டார், ஏனென்றால் இது அவருடைய நிகழ்ச்சி அல்ல. நான் சொன்னேன்.

“நல்லாப் பாத்துக் குடுங்க சார். எல்லாம் சரியாத் தெரியுதா?”

பின்னாலிருந்து யாரோ இப்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஊருக்கே தெரிந்த நகைச்சுவை அது. பட்டுக்கையின் உதட்டோரம் தானாக மேலேறியது. காத்திருக்கிற கூட்டத்தை ஏமாற்ற எந்த மேடைக்காரருக்கு மனசு வரும்?

“ஒண்ணும் தெரியலையே” என்றார்.

கட்டு பைக்குள் போனது. கண்ணாடி கழன்றது. மார்புப் பையிலிருந்து துணி வந்தது.

“இதைத் துடைக்காமப் பாத்ததாலதான் எனக்குக் கல்யாணமே ஆச்சு.”

“நான் கண்ணாடி போட்டுப் பாத்திருந்தா ஆகியே இருக்காது!”

மாடி குலுங்கியது. டீச்சர்கூடச் சிரித்தார். கண்ணாடி மூக்கில் ஏறியது, கை பைக்குள் போனது, கட்டு வெளியே வந்து என் உள்ளங்கையில் உட்கார்ந்தது.

எந்த அறையிலிருந்து வந்தது? அதே நீல முதுகு, அதே கனம். அவருக்கு நினைவு வந்து கையைத் திருத்தியிருந்தால்? நான் கட்டைவிரலை நுனியில் வைத்து மெல்ல அழுத்தினேன்.

நீளம், குட்டை. நீளம், குட்டை. நீளம், குட்டை.

என் கை வேலை எனக்குத் தெரியாதா? இருட்டில் சொந்த வீட்டுச் சுவரைத் தடவி விளக்குப் பொத்தானைத் தொட்டது போல இருந்தது. சிரித்துவிடக் கூடாது என்று கன்னத்தை உள்ளுக்குள் கடித்துக்கொண்டேன்.

இனி அவசரப்படவே கூடாது. அவசரப்படுகிறவரைத்தான் கூட்டம் சந்தேகப்படும். கட்டை உயர்த்தி, முகங்கள் தெரிய விரலால் சரித்துக் காட்டினேன். ராஜா, இரண்டு, ஒன்பது, ராணி, எல்லாம் வேறு வேறு. நடுவர்கள் பக்கமும் திருப்பிக் காட்டினேன். பட்டுக்கை கைகளைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எந்த நேரத்தில் தடுமாறுவாள் என்று பார்க்கிற முகம்.

“டீச்சர், நான் சீட்டை உதிர விடுவேன். உங்களுக்கு எப்பத் தோணுதோ அப்ப நிறுத்தச் சொல்லுங்க.”

வலது கையிலிருந்து இடது கைக்குச் சீட்டுகள் விழுந்தன. சின்ன மழை தகரத்தில் பெய்வது போன்ற சத்தம்.

“நிறுத்து” என்றார் டீச்சர். உடனே, “இல்ல, இன்னும் கொஞ்சம் போ” என்றார்.

“தாராளமாப் போலாம் டீச்சர்.”

“ம்... இப்ப நிறுத்து.”

“உறுதிதானா? மாத்திக்கணும்னா மாத்திக்கலாம்.”

“அதெல்லாம் வேணாம். இதுதான்.”

மேலிருந்த சீட்டை அவரையே எடுக்கச் சொன்னேன். எடுத்துப் பார்த்தார், கூட்டத்துக்கும் காட்டினார். டைமன் ஏழு.

பட்டுக்கையின் கட்டிய கைகள் பிரிந்தன. அவர் பார்வை சீட்டிலிருந்து என் கைக்கு வந்தது, என் கையிலிருந்து தன் பைக்கு இறங்கியது. அங்கேயே நின்றுவிட்டது.

“டீச்சர், அதை நடுவுல செருகிடுங்க” என்று கட்டை நீட்டி வாங்கிக்கொண்டேன். “இந்தச் சீட்டைத்தான் நீங்க எடுப்பீங்கன்னு எனக்கு முன்னாடியே தெரியும். எழுதியும் வச்சிருக்கேன். தாள்ல இல்ல. என்கிட்டயும் இல்ல. காலையிலேர்ந்து அதைத் தலைவர்தான் பத்திரமா வச்சிருக்கார்.”

“நானா?” என்றார் பட்டுக்கை.

“டாக்டர் சார், கொஞ்சம் எந்திரிச்சு தலைவரோட கோட்டுக் காலரைத் தூக்குங்களேன்.”

பல் டாக்டர், வாயைத் திறக்கச் சொல்கிற அதே நிதானத்தோடு இரண்டு விரல்களால் காலரைத் தூக்கினார். குனிந்து பார்த்தார். பிறகு பட்டுக்கையின் தோளைப் பிடித்துக் கூட்டத்துக்கு முதுகு காட்டும்படி திருப்பினார்.

கறுப்புத் துணியில் ஏழு சிவப்பு வைரங்கள்.

கைதட்டல் கிளம்பியது பாருங்கள், அலமாரிக் கண்ணாடிகள் கிடுகிடுத்தன. யாரோ நாற்காலிமேல் ஏறி நின்றார்கள். ஐந்தாவது வரிசையில் அக்கா மட்டும் அடக்க ஒடுக்கமாகக் கைதட்டிக்கொண்டிருந்தாள், யார் தைத்ததோ என்பது போல.

அந்தச் சத்தத்தையும் மீறி டீச்சரின் குரல் வந்தது. “எல்லாம் சரி. கட்டை இங்க குடு. இன்னொரு தடவை எண்ணணும்.”

கேட்பார் என்று தெரியும். கூட்டம் மெல்ல அடங்கியது. என் கையில் இருபத்தாறு டைமன் ஏழுகள்.

“சாரோட கட்டு டீச்சர். சார்கிட்டயே ஒப்படைச்சுடுறேன். அவர் உங்களுக்குக் குடுப்பார்.”

பட்டுக்கையின் உள்ளங்கையில் கட்டை வைத்தேன். அவருடைய கட்டைவிரல் நுனியில் ஒரு முறை ஓடியது. அவ்வளவுதான். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் அப்படிப் பார்த்து நான் கண்டதே இல்லை. எப்போதும் பின்வாசலில், செய்தித்தாளை வாங்குகிறபோது, என் தோளுக்கு மேலாகத்தான் பார்ப்பார்.

இப்போது மேடையில் என்னிடம் ஒன்றுமே இல்லை. அவர் அந்தக் கட்டை அப்படியே டீச்சரிடம் நீட்டினால் நான் தொலைந்தேன். ஆனால் நீட்டிய கட்டு யாருடைய பையிலிருந்து வந்தது என்று டீச்சர் கேட்பார். கையை நம்புகிறவர் என்ன பதில் சொல்வார்?

பட்டுக்கை எழுந்தார். புதுச் சிரிப்போ பழைய சிரிப்போ, ஒன்று முகத்தில் மெதுவாகப் பரவியது.

“ஒரு நிமிஷம் டீச்சர்” என்றவர், கட்டைப் பையில் போட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் காலரைப் பிடித்துத் தூக்கிக் கழுத்தை வளைத்தார். “காலையிலேர்ந்து ஏழு வைரத்தைக் கழுத்துல போட்டுக்கிட்டுத் திரியுறேன், எனக்கே தெரியலையே!”

முன் வரிசை சும்மா இருக்குமா?

“எனக்கு ஒண்ணுகூட வாங்கித் தரல. தனக்கு மட்டும் ஏழு!”

இந்த முறை சிரித்ததில் எனக்கே கண்ணீர் வந்துவிட்டது. சிரிப்புக்கு நடுவே அவர் கை பைக்குள் போய் வந்தது. அத்தனை ஆண்டுகளில் அவர் அதை அவ்வளவு அழகாகச் செய்து நான் பார்த்ததில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தவள் நான் ஒருத்தி, என் கண்ணிலிருந்தே ஒரு கணம் நழுவிவிட்டது. பட்டுக்கை என்று பெயர் வைத்தவர்கள் தப்பாக வைக்கவில்லை. டீச்சர் ஜாதி ஜாதியாகப் பிரித்து எண்ணினார். ஐம்பத்திரண்டு. டைமன் ஏழு ஒன்றே ஒன்று.

துண்டுத்தாள்கள் கொடுக்கப்பட்டன. பல் டாக்டர் எழுதி முடித்தார். டீச்சர் பேனாவைத் திறந்து, மூடி, திறந்து எழுதினார். பட்டுக்கை மட்டும் வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை உண்மையாகவே துடைத்தார். பிறகு ஒரே சொல்லை எழுதி மடித்து வைத்தார்.

செயலாளர் என்ற முறையில் பல் டாக்டரே வாசித்தார். முதலில் தன்னுடையது. “தையற்காரி ஐம்பத்திரண்டு கோட்டு தைத்து வைத்திருந்தாலொழிய இது நடக்க வழியில்லை.” சிரிப்பு.

“டீச்சர் எழுதினது: இரண்டு முறை எண்ணினேன். தற்செயல் என்று எழுத மனம் வரவில்லை. தெரியவில்லை.”

மூன்றாவது தாளைப் பிரித்தார்.

“தலைவர் எழுதினது: ஏமாந்தேன்.”

அதில் பொய் ஒரு எழுத்துகூட இல்லை.

உறுப்பினர் அட்டை அங்கேயே எழுதப்பட்டது. என் பெயருக்குப் பக்கத்தில் பட்டுக்கை கையெழுத்துப் போட்டார். அடுத்தது அவருடைய நிகழ்ச்சி. கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. அவர் எழுந்து இரண்டு கைகளையும் விரித்தார். வழக்கமான வாக்கியம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

“இன்னைக்குக் கடைசிப் பத்து நிமிஷமும் இவளோடதுதான்” என்றார். “இதுக்கு அப்புறம் நான் என்னத்தைக் காட்டுறது?”

மேசை ஓரத்தில் பேனாவால் தள்ளி வைத்த என் கட்டைக் கையில் எடுத்தார். என்னிடம் தருவதற்கு முன் கட்டைவிரலை நுனியில் ஒரு முறை ஓட்டினார். புருவம் நெளிந்தது. மறுபடி ஓட்டினார். பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுத்தார்.

“நுனியில ஒண்ணுமே இல்லையே கத்திரி. எங்க வெட்டின?”

முதல் முறையாக அந்தப் பெயரை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது.

“யாருக்கு என்ன வெட்டினேன்னு நான் வெளிய சொல்றதில்ல சார். உங்களுக்குத் தெரியாததா?”

சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டே போய் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வேடிக்கை பார்க்கிறவர்களோடு ஒருவராக, கழுத்தை நீட்டிக்கொண்டு. காலர் இன்னும் தூக்கியபடியே இருந்தது. அக்கா பின்னாலிருந்து சைகையால் அதை மடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள், தையல் கசங்குகிறதே என்று.

நான் மேசைக்கு முன்னால் வந்தேன். ஒன்பதரை விரல்களையும் விரித்து எல்லாருக்கும் காட்டினேன். பிறகு கட்டைக் கவிழ்த்துப் பிடித்துச் சீட்டுகளை உதிர விட்டேன்.

“நிறுத்து!” என்று எங்கிருந்தோ ஒரு குரல் கத்தியது.

“என்ன அவசரம்?” என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும் போலிருந்தது.